பழங்காநத்தம் முதல் திருநகர் வரை: ஒரு புறநகர் எப்படி உருவாகிறது

மதுரைக்காரர் ஒருவரிடம் வீடு எங்கே என்று கேட்டால் திருநகர், வில்லாபுரம், ஆனையூர், கூடல்புதூர் என்று ஏதோ ஒரு பெயர் வரும். அதே மனிதர் தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிளம்பும்போது "டவுனுக்குப் போயிட்டு வர்றேன்" என்பார். வீட்டு வரி கட்டுவது மாநகராட்சிக்கு, ஓட்டுப் போடுவது மாநகராட்சி வார்டுக்கு. ஆனாலும் டவுன் அவருக்கு இன்னும் பஸ் ஏறிப் போகவேண்டிய இடம்தான். வேலைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெரிய ஊரை நம்பியிருக்கும், ஆனால் தனக்கென்று ஒரு நிலமும் ஒரு பழைய கதையும் வைத்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தைத்தான் புறநகர் என்கிறோம்.

நகரம் நிரம்பி வழிந்து உண்டானதுதான் புறநகர் என்று பலரும் நினைக்கிறார்கள். மதுரையைப் பொறுத்தவரை அது பாதிதான் சரி. நகரம் வந்து சேருவதற்கு முன்பே அங்கே கிராமங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் மிஷனரிகள் ஒரு பள்ளியை வைத்தார்கள், மில்காரர்கள் தொழிலாளர்களுக்கு வீடு கட்டினார்கள், அரசு குடியிருப்புகளை எழுப்பியது, கடைசியில் புரோமோட்டர்கள் வயல்களை அளந்து மனை போட்டார்கள். ஒவ்வொருவரும் தங்கள் தேவைக்காகத் தனித்தனியாகச் செய்த காரியங்கள் இவை. இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்தன, எங்கே சேராமல் போயின என்பதைப் பார்த்தால் ஒரு புறநகரின் நல்லது கெட்டது இரண்டும் பெரும்பாலும் புரிந்துவிடும். இந்தக் கட்டுரை அதைத்தான் சொல்லப் பார்க்கிறது.

கோட்டைச் சுவர் போன பிறகு

பழைய மதுரை ஒரு கோட்டைக்குள் இருந்த ஊர். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரம் சதுரமாக விரிந்து, கோட்டைச் சுவரோடும் அகழியோடும் முடிந்துவிடும். ஜான் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்தச் சுவர் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது. இடிப்பதற்கு உதவியவர்களுக்கே அந்த நிலம் கொடுக்கப்பட்டது. அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரைத்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் சுமக்கின்றன. அதற்கும் அப்பால் போடப்பட்டவை வெளி வீதிகள். இன்று அவை ஊரின் நட்டநடு. ஒரு காலத்துப் புறநகர் அடுத்த காலத்தின் நகரமாக ஆகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி மதுரையில் இல்லை.

அப்புறம் ரயில் வந்தது, 1875-இல். ஸ்டேஷன் கோட்டைக்கு மேற்கே அமைந்ததால் ஊரின் பார்வை மேற்கே திரும்பியது. 1889-இல் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் கம்பெனி தொடங்கப்பட்டது. பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனது அதுதான். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மில் என்றால், சங்கு ஊதும் சத்தத்துக்கு எட்டும் தூரத்தில் தொழிலாளர்கள் குடியேறத்தானே செய்வார்கள்? அதே 1889-இல் வைகையின் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டது. ஆற்றுக்கு வடக்கே இருந்த கோரிப்பாளையமும் தல்லாகுளமும் அதன் பிறகு வெள்ளத்துக்குப் பயப்படாமல் ஊரோடு சேர்ந்தன. அமெரிக்கன் கல்லூரி, எர்ஸ்கின் ஆஸ்பத்திரி (இன்றைய ராஜாஜி மருத்துவமனை), லேடி டோக் கல்லூரி எல்லாம் வடகரைக்குப் போனதில் அந்தப் பாலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நிர்வாகக் கணக்கு தனி. மதுரை 1866-இல் நகராட்சி ஆனது, 1971-இல் மாநகராட்சி ஆனது. 2011-இல் எல்லை விரிந்தபோது பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராகக் கூடியது, வார்டுகள் 72-லிருந்து 100 ஆயின. திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் ஆகிய மூன்று நகராட்சிகளும், ஹார்விபட்டி, திருநகர், விளாங்குடி ஆகிய மூன்று பேரூராட்சிகளும், பல ஊராட்சிகளும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் சுமார் 10 லட்சத்து 17 ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒட்டியுள்ள பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 14 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். அதாவது மதுரைக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பத்துக்கு மூன்று பேர் அப்போதே எல்லைக் கோட்டுக்கு வெளியேதான் குடியிருந்தார்கள்.

கணக்கெடுப்பில் இன்னொரு வகையும் உண்டு. ஊராட்சியாகவே இருக்கும் ஓர் ஊரில் 5,000 பேருக்கு மேல் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாமல் வாழ்ந்து, வேலை பார்க்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால், அதைச் 'சென்சஸ் டவுன்' என்று எழுதுவார்கள். வாழ்க்கை நகரத்து வாழ்க்கை, நிர்வாகம் கிராமத்து நிர்வாகம். சாக்கடை, குப்பை வண்டி, தெருவிளக்கு எல்லாம் அங்கே தாமதமாக வருவதற்கு இந்த இடைவெளியே முதல் காரணம்.

ஒரே ரோட்டில் எல்லா வகையும்

புறநகரின் வகைகளைப் படிக்க மதுரையில் திருப்பரங்குன்றம் ரோடு போல வேறு ரோடு கிடையாது என்பேன். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து தென்மேற்கே திருநகர் வரை சுமார் பத்து கிலோமீட்டர். வழியில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு வேறு காலம், ஒரு வேறு முதலாளி.

முதலில் பழங்காநத்தம். இது அசல் கிராமம். நத்தம் என்பது வருவாய்த்துறைக் கணக்கில் ஊர் மக்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் இடம். அதற்கு வெளியே இருப்பது நஞ்சை (பாசன வயல்), புஞ்சை (மழையை நம்பிய மேட்டு நிலம்), புறம்போக்கு (அரசு நிலம்). மதுரை வட்டாரத்துப் பழைய கிராமம் அமைந்த விதம் பெரும்பாலும் ஒன்றுதான்: மேட்டில் நத்தம், பக்கத்தில் கண்மாய் (பாசன ஏரி), கண்மாய்க்கரைக்குக் கீழே மடைத் தண்ணீர் பாயும் வயல்கள். இந்தப் பக்கத்துக்கு மாடக்குளம் கண்மாய்தான் தாய். பழங்காநத்தத்தின் உள்தெருக்களில் நடந்து பாருங்கள். தெரு நேராகப் போகாது, கோயிலைக் கண்டால் வளையும், ஊர்ச் சாவடியிடம் விரியும், திடீரென்று ஒரு மாட்டு வண்டி மட்டும் நுழையும் அளவுக்குக் குறுகும். திட்டமில்லாமல் போட்டதால் அப்படி ஆகிவிட்டது என்று சொல்வது நியாயமில்லை. நடக்கிறவர்களுக்கும் மாட்டுக்கும் போட்ட தெரு அது. கார் வரும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

ரயில் மேம்பாலம் தாண்டினால் டி.வி.எஸ். நகர், ஜெய்ஹிந்துபுரம். ஒன்று கம்பெனியின் பெயரைத் தாங்கியிருக்கிறது, இன்னொன்று சுதந்திரப் போராட்டத்தின் முழக்கத்தை. பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் வீட்டு அளவும் தெரு அகலமும் வேறு வேறு. ஜெய்ஹிந்துபுரத்தில் உழைக்கும் மக்கள் நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள், வீட்டோடு சேர்ந்த சின்னச் சின்னப் பட்டறைகள்.

ரோட்டுக்குத் திரும்பினால் அடுத்தது பைக்காரா. பைக்காரா என்பது நீலகிரியில் ஓடும் ஆறு. 1932-இல் அங்கே நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த மின்சாரம் மதுரைக்கு வந்தபோது அதை வாங்கிப் பிரிக்கும் துணைமின் நிலையம் இங்கே அமைந்தது. அந்த மின் நிலையத்தின் பெயரே ஊர்ப்பெயர் ஆகிவிட்டது.

அதற்கடுத்து பசுமலை. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் 1845-இல் தன்னுடைய செமினரியை (மத ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியை) திருமங்கலத்திலிருந்து இந்தக் குன்றின் அடிவாரத்துக்கு மாற்றியது. ஊரிலிருந்து தள்ளி, காற்றோட்டமாக, போதுமான நிலத்தோடு ஓர் இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1881-இல் இங்கே தொடங்கிய கல்லூரிதான் பிறகு 1904-இல் வைகைக்கு வடக்கே போய் அமெரிக்கன் கல்லூரியாக நிலைத்தது. பள்ளி, அச்சகம், ஆசிரியர் வீடுகள், சர்ச் என்று ஒரு நிறுவனத்தைச் சுற்றி ஊர் வளரும் வகைக்குப் பசுமலைதான் உதாரணம். பெரிய காம்பவுண்டு, மரங்கள், அதற்கு வெளியே நெருக்கமான வீடுகள் என்ற அந்த அமைப்பை இன்றும் காணலாம். நாவலர் சோமசுந்தர பாரதியார் குடியிருந்ததும் பசுமலையில்தான். படித்தவர்கள் நகரத்துக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு வாழலாம் என்ற எண்ணத்தை மதுரைக்குப் பழக்கியதில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

மூலக்கரை தாண்டினால் திருப்பரங்குன்றம். இதைப் புறநகர் என்று சொல்லவே வாய் கூசுகிறது. குன்றைக் குடைந்த கோயிலில் உள்ள பாண்டியர் கல்வெட்டு கி.பி. 773-ஐச் சேர்ந்தது. மலையின் மறுபக்கத்தில் சமணர் குகையும் தமிழ் பிராமி எழுத்தும் இருக்கின்றன. மதுரைக்கு இணையான வயது கொண்ட ஊர், தனித் தேரோடும் வீதி கொண்ட ஊர், பிற்காலத்தில் தனி நகராட்சியாகவும் இருந்த ஊர். நகரம் வளர்ந்துவந்து இதைத் தொட்டபோது இது புறநகர் என்ற கணக்கில் விழுந்துவிட்டது. சில இடங்கள் நகரத்திலிருந்து பிறக்காமலேயே புறநகராகிவிடும் என்பதை இங்கே பார்க்கலாம். பங்குனித் திருவிழாவின்போது இந்த ஊருக்குப் போனவர்களுக்கு, எது நடு எது ஓரம் என்பதே குழம்பிப்போகும்.

அடுத்து ஹார்விபட்டி. மில் கம்பெனி தன் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு. ஒரே அளவில் மனை, ஒரே மாதிரி வீடு, அளவெடுத்துப் போட்ட நேர்த்தெருக்கள். ரயில் பாதையும் பெரிய ரோடும் பக்கத்தில் இருப்பதால் எட்டுக் கிலோமீட்டர் தாண்டி மில்லுக்குப் போக முடிந்தது. கம்பெனி வீடு என்றால் வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும். தொழிலாளிக்கு அது பாதுகாப்பு, கம்பெனிக்கு அது பிடிமானம். நாளடைவில் வீடுகள் கைமாறி, ஓட்டு வீடு மாடி வீடாகி, முன்பக்கத் தோட்டம் கார் நிறுத்தும் இடமாகி, இன்று பழைய அமைப்பைத் தெருக்களின் நேர்கோட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் திருநகர். முதலிலேயே வரைபடம் போட்டு, அதன்படி அகலமான தெருக்களோடு எழுந்த ஊர். இங்கே பஸ் ஸ்டாப்புகளுக்குப் பெயரே எண்தான்: முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப், மூன்றாவது ஸ்டாப் என்று போய்க்கொண்டே இருக்கும். பழங்காநத்தத்தில் கோயிலும் சாவடியும் அடையாளம், திருநகரில் எண் அடையாளம். வரைபடத்தில் பிறந்த ஊருக்கும் வயலோரத்தில் பிறந்த ஊருக்கும் உள்ள வித்தியாசம் இதைவிடச் சுருக்கமாக எங்கும் தெரியாது.

இந்த ரோட்டில் முழுதாகப் பார்க்க முடியாத ஒரு வகை அரசுக் குடியிருப்பு. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961-இல் தொடங்கியது. மதுரையில் அண்ணா நகர், கே.கே. நகர், எல்லிஸ் நகர், வில்லாபுரம், கூடல்புதூர் ஆகியவற்றில் அதன் கை தெரியும். வருமானத்தைப் பொறுத்து எல்.ஐ.ஜி. (குறைந்த வருமானம்), எம்.ஐ.ஜி. (நடுத்தர வருமானம்), எச்.ஐ.ஜி. (உயர் வருமானம்) என்று பிரித்து வீடு ஒதுக்குவார்கள். "நாங்க எம்.ஐ.ஜி. காலனியில இருக்கோம்" என்று விலாசத்திலேயே வருமானம் எழுதப்பட்டுவிடும். ஆனால் பூங்காவுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கியது பெரும்பாலும் இவர்கள்தான். அதை மறக்கக் கூடாது.

வயல் எப்படி மனை ஆகிறது

இனி வருவதுதான் இன்றைய புறநகரின் பெரும்பகுதி: தனியார் லேஅவுட். இதன் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மதுரைப் பக்கம் மனையைச் சென்ட் கணக்கில்தான் பேசுவார்கள். ஓர் ஏக்கர் 100 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு புரோமோட்டர் 5 ஏக்கர் வயல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 சென்ட். ரோட்டுக்கு ஏறக்குறைய 150 சென்ட் போய்விடும். மீதி 350. இந்த அளவு லேஅவுட்டில், ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா, விளையாட்டிடம் போன்ற பொதுத் தேவைக்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது 35 சென்ட். விற்பனைக்கு நிற்பது 315 சென்ட். மூன்று சென்ட் மனையாகப் பிரித்தால் 105 மனை. ரோடுகளையும் இதேபோல உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் நாளை தார் போடவும் விளக்குப் போடவும் உள்ளாட்சிக்கு உரிமை வரும்.

இதெல்லாம் அனுமதி பெற்ற லேஅவுட்டின் கதை. தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருந்தாலும், பல பத்தாண்டுகளுக்கு "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பேச்சிலேயே ஆயிரக்கணக்கான மனைகள் விற்றுப்போயின. ரோட்டின் அகலம் 15 அடியோ 20 அடியோ, புரோமோட்டரின் மனசுதான். பூங்கா இடம் படத்தில் இருக்கும், பிறகு அதுவும் மனையாகிவிடும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டபோதுதான் ஊர் முழுக்க விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதி தந்தார்கள். காகிதம் சரியானது. 15 அடி ரோடு 15 அடியாகவேதான் இருக்கிறது.

சரி, எந்த நிலம் முதலில் மனையாகும்? பொதுவாக முதலில் போவது புஞ்சை. மழையை நம்பிய மேட்டு நிலம், விலை குறைவு, விற்க மனசும் சீக்கிரம் வரும். அடுத்தது நஞ்சை. கண்மாய்க்குத் தண்ணீர் வருவது குறைந்து, நடவுக்கு ஆள் கிடைக்காமல், பக்கத்து வயலில் கல் ஊன்றியதும் ஒருவர் பின் ஒருவராக விற்பார்கள். கடைசியில் கண்மாயே போகும். கண்மாய் அரசு நிலம், யாரிடமும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை என்பதால் அங்கே பெரிய அரசுக் கட்டடங்கள் வந்து நிற்கும். 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாயில். அது வந்த பிறகு மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை வரை மனை விலை எப்படிப் போனது என்பது மதுரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரு ஏன் பாதியில் நிற்கிறது

புறநகரில் புதிதாகக் குடிவந்தவர்களின் முதல் புலம்பல் இது: கூகுள் மேப்பில் பின்தெரு நூறு அடி தூரம் காட்டுகிறது, போவதற்கு ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது. காரணம் வரப்பு.

ஒவ்வொரு வயலுக்கும் ஒரு சர்வே எண், ஒரு எல்லை. புரோமோட்டர் வாங்கியது அந்த எல்லைக்குள் இருக்கும் நிலத்தை மட்டும். அவர் போடும் ரோடு பக்கத்து வயலின் வரப்பில் போய் நின்றுவிடும். பக்கத்து வயல்காரர் பத்து வருடம் கழித்து வேறொரு புரோமோட்டரிடம் விற்பார். அவருடைய ரோடு வேறு கோணத்தில் வந்து அதே வரப்பில் நிற்கும். நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர் எழும்பும். வயல் மறைந்து இரண்டு தலைமுறை ஆனாலும், முட்டுச்சந்துகளை வரிசையாகக் கோத்துப் பார்த்தால் பழைய வரப்பு அப்படியே தெரியும். அனுமதி தருகிற அதிகாரிகள் பக்கத்து நிலத்தின் ரோட்டோடு இணைக்கச் சொல்லி வற்புறுத்தியிருந்தால் இந்த அவதியில் பெரும்பகுதி இருந்திருக்காது. ஆம்புலன்ஸ் நுழைய முடியாத தெருக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

தண்ணீர் விஷயம் இதைவிடக் கனமானது. வைகையிலிருந்து வெட்டிய வாய்க்கால்கள்தான் மாடக்குளம், தென்கால், நிலையூர் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தன. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். வயலுக்குப் பாய்ந்த தண்ணீரின் மிச்சமும் சின்ன வாய்க்கால் வழியாகக் கீழே உள்ள ஊருணிக்கோ கண்மாய்க்கோ சேரும். கிராமத்தில் மழைநீர் வடிகால் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை, வயல் வாய்க்காலே வடிகால். மனை போட்டபோது அந்த வாய்க்கால்தான் முதலில் தூர்ந்தது. ஏனென்றால் அது சில அடி அகலம் உள்ள, கேட்பாரற்ற புறம்போக்கு.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். முதலில் வந்த லேஅவுட்டில் வீட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டினார்கள். அடுத்து வந்தவர் தன் நிலத்தையே மூன்றடி மண் கொட்டி மேடாக்கினார். மழை பெய்ததும் அவருடைய தண்ணீர் இவர் வாசலில். பிறகு தார் ரோட்டை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, ரோடு வீட்டைவிட உயரமாகிவிடும். பழைய வீடுகளில் இருப்பவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், மழைக்காலத்தில் வாசலில் மணல் மூட்டை அடுக்க வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

நகரத்துக்குள் கிருதுமால் நதிக்கும் இதே கதிதான். நாகமலைப் பக்கம் கிளம்பி ஊருக்குள் ஓடிய ஆறு இன்று சாக்கடை என்ற பெயரில்தான் பலருக்கும் அறிமுகம். வடகரையில் 2024 அக்டோபர் கனமழையில் செல்லூரும் பந்தல்குடி வாய்க்கால் கரையும் மூழ்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். மழை அதிகம்தான். ஆனால் கண்மாயிலிருந்து ஆற்றுக்குப் போகும் வழி அகலமாக இருந்திருந்தால் அத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்காது.

யார் யார் இருக்கிறார்கள்

வெளியிலிருந்து பார்த்தால் புறநகர் முழுக்க ஒரே மாதிரி மாடி வீடுகள் போலத் தெரியும். உள்ளே அடுக்கு அடுக்காக ஆட்கள் உண்டு.

நத்தத்தில் இருப்பவர்கள் பழைய குடிகள். நிலம் விற்றவர்களும் உண்டு, அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்களும் உண்டு. விற்றவருக்குப் பணம் வந்தது, உழைத்தவருக்கு வேலை போனது. புறநகரின் வளர்ச்சி பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது பாதி அநேகமாகப் பேச்சில் வருவதே இல்லை. அவர்களில் பலர் அதே நிலத்தில் எழும் வீடுகளுக்குச் சித்தாளாகவும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். பழைய கிராமங்களில் தலித் மக்களின் குடியிருப்பு ஊரிலிருந்து தள்ளி, பெரும்பாலும் தாழ்ந்த பக்கத்தில் இருந்தது. நகரம் சுற்றி வளைத்துக் கட்டிய பிறகும் அந்தத் தெருக்களுக்குக் குழாய் கடைசியில் போகிறது, மழைத் தண்ணீர் முதலில் போகிறது. புது லேஅவுட்டின் வரைபடத்தில் சாதி இல்லை என்றாலும், அது உட்கார்ந்திருக்கும் கிராமத்தின் வரைபடத்தில் இருந்தது. அது தானாக அழிந்துவிடாது.

அடுத்த அடுக்கு ஒரு தொழிலைச் சுமந்து வந்தவர்கள். ஹார்விபட்டியின் மில் குடும்பங்கள் ஒரு வகை. நிலையூர்ப் பக்கம் கைத்தறி நகரில் குடியேறிய சௌராஷ்டிர நெசவாளர்கள் இன்னொரு வகை. மகால் பகுதித் தெருக்களில் இடம் நெருக்கடி ஆனபோது, தறி போட நீளமான அறையும் பாவு ஆற்ற (தறிக்கான நூலை நீளமாக விரித்துப் பதப்படுத்த) தெருவும் கிடைக்கும் இடத்துக்கு நெசவாளர்கள் நகர்ந்ததில் ஆச்சரியமில்லை. வீடே பட்டறை என்பதால் அவர்களுக்கு டவுனுக்குள் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

மூன்றாவது, சுற்று வட்டார ஊர்களிலிருந்து வந்தவர்கள். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மேலூர்ப் பக்கத்தார் ஒத்தக்கடை, புதூர்ப் பக்கம் வீடு பார்ப்பார்கள். உசிலம்பட்டிப் பக்கத்தார் மேற்கே நாகமலைப் புதுக்கோட்டை, கோச்சடைப் பக்கம். திருமங்கலம், விருதுநகர்ப் பக்கத்தார் திருநகர்ப் பக்கம். சொந்த ஊர் பஸ் எந்த ரோட்டில் நகரத்துக்குள் நுழைகிறதோ அந்த ரோட்டோரம் வீடு. ஊர்த் திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் ஒரே பஸ்ஸில் போய்விடலாம் அல்லவா? அரிசியும் காய்கறியும் அதே பஸ்ஸில் வந்து சேரும்.

அப்புறம் ஆசிரியர்கள், பேங்க் ஊழியர்கள், ரயில்வேக்காரர்கள், ரிட்டயர் ஆகி வந்தவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் முதியவர்கள், வாடகைக்கு இருக்கும் இளம் குடும்பங்கள். லேஅவுட் பெரும்பாலும் இவர்களுடையது. நத்தத்து அம்மன் கோயிலுக்கு வரி கொடுப்பது பழைய குடிகள், புது நகரில் பிள்ளையார் கோயில் கட்டுவது குடியிருப்போர் சங்கம். ஆடி மாதம் முளைப்பாரி ஊர்வலம் லேஅவுட் தெரு வழியாகப் போகும்போதுதான் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறது. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு வரவேற்கும் தெருக்களும் உண்டு, கேட்டைச் சாத்திக்கொள்ளும் தெருக்களும் உண்டு.

உங்கள் பகுதியைப் படிக்க

வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் நகரின் பெயர் எதுவாக இருந்தாலும், "கிராமம்" என்ற இடத்தில் ஒரு பழைய ஊரின் பெயர் இருக்கும். அதுதான் உங்கள் நிலத்தின் வருவாய்க் கிராமம். சர்வே எண்ணை வைத்துப் பட்டாவையும் புல வரைபடத்தையும் அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். அதில் வாய்க்கால், பாதை, கண்மாய் எல்லாம் கோடாக இருக்கும். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் நடந்துபோய், தெருக்கள் எங்கே வளைகின்றன, எங்கே நேராகின்றன, எங்கே முட்டி நிற்கின்றன என்று பார்த்தால், எந்தத் துண்டு எப்போது சேர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரைக் கேட்டால் மடை எங்கே இருந்தது என்று கைகாட்டுவார்.

மேலே சொன்ன அதே ரோடு திருநகரோடு நிற்கவில்லை. தனக்கன்குளம் தாண்டி, தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தோப்பூர், உச்சப்பட்டிப் பக்கம் வீட்டு வசதி வாரியத்தின் துணைக்கோள் நகரத் திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் புஞ்சைகளில் கல் ஊன்றும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே மனை பார்க்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இந்த ரோடு கடைசிக் கல்லோடு நிற்கிறதா, அடுத்த நிலத்துக்குள்ளும் போக வழி விட்டிருக்கிறார்களா? ரோட்டுக்கும் பூங்காவுக்கும் தானப் பத்திரம் பதிவாகிவிட்டதா? மழைத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகிறது? மூன்றாவதற்கு மட்டும் புரோமோட்டரின் பதிலை நம்பாமல், ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள்.